‘கருணை கூர்ந்து’ என்று தொடங்காதீர்கள்

பணியிட ஒழுங்கு நடவடிக்கைகள் பற்றிக் கன்னியாகுமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறோம். ஊர் மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்; பெயர்களை வேண்டுமென்றே விட்டுவிட்டோம்.

தக்கலை வாசகர்: அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். ஒரு கோப்பு என்னிடம் நான்கு மாதம் தேங்கியது என்று 17(ஏ) மெமோ கொடுத்தார்கள். விளக்கம் எழுதிக் கொடுத்தேன். விசாரணை எதுவும் நடக்கவில்லை. இப்போது இரண்டு ஆண்டுக்கு இன்கிரிமென்ட் கட், அதுவும் எதிர்கால ஊதிய உயர்வுகளையும் பாதிக்கும் வகையில், என்று ஆணை வந்திருக்கிறது. ஆணையை வாங்கி மூன்று வாரம் ஆகிறது. “கருணை மனு போடுங்க, குறைச்சிருவாங்க” என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். போடலாமா?

போடாதீர்கள். நீங்கள் எழுத வேண்டியது மேல்முறையீடு. கருணை மனுவும் மேல்முறையீடும் ஒன்றல்ல. “தெரியாமல் நடந்த தவறைக் கருணை கூர்ந்து மன்னிக்குமாறு” என்று எழுதிய அந்த ஒரு வரியே, பின்னால் நீதிமன்றம் வரை போனாலும், குற்றத்தை நீங்களே ஒப்புக்கொண்டதற்குச் சான்றாக உங்கள் முன்னால் வைக்கப்படும். நல்ல காரணங்கள் கையில் இருந்தும் இந்த ஒரு வரியால் வழக்கு பலவீனமாகிறது. அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

அடுத்தது நாள் கணக்கு. தமிழ்நாடு குடிமைப் பணி (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளின்படி ஆணை உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் மேல்முறையீடு போக வேண்டும். ஆணையில் போட்டிருக்கும் தேதியிலிருந்து எண்ண வேண்டியதில்லை, உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணுங்கள். தபாலில் வந்திருந்தால் உறையைப் பத்திரமாக வையுங்கள். நேரில் வாங்கியிருந்தால் கையெழுத்துக்குக் கீழே போட்ட தேதிதான் ஆதாரம். மூன்று வாரம் போய்விட்டது. இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதைக் கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள்.

உங்கள் வழக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இதே விதிகளில் 17(ஏ) என்பது சிறு தண்டனைக்கான வழி: மெமோ, விளக்கம், ஆணை, அவ்வளவுதான். விசாரணை அலுவலர், சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் பெருந்தண்டனைக்கான 17(பி)-யில்தான் வரும். பின்னாளைய ஊதியத்தையும் குறைக்கிற இன்கிரிமென்ட் கட் சிறு தண்டனை ஆகாது, அதை முறையான விசாரணை இல்லாமல் விதிக்க முடியாது என்று குல்வந்த் சிங் கில் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, சிறு தண்டனைக்கான வழியில் போய்ப் பெருந்தண்டனையைக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் மேல்முறையீட்டின் முதல் காரணம் இதுவாக இருக்கட்டும்.

இந்தத் தண்டனை எவ்வளவு பெரியது என்பது பலருக்குப் புரிவதில்லை. அடிப்படை ஊதியம் ரூ.40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 3 சதவீத உயர்வு என்றால் முதல் ஆண்டு மாதம் ரூ.1,200 போகும். இரண்டு உயர்வும் போனால் மாதம் ஏறத்தாழ ரூ.2,400. அதற்குரிய அகவிலைப்படியும் சேர்ந்து போகும். இரண்டு ஆண்டு முடிந்த பிறகும் அது திரும்ப வராது. ஓய்வு பெறும் நாள் வரை பின்தங்கியே இருப்பீர்கள், ஓய்வூதியமும் அந்தக் குறைந்த ஊதியத்திலிருந்தே கணக்காகும். பின்விளைவு இல்லாத கட் என்றால் காலம் முடிந்ததும் ஊதியம் பழைய படிக்கு வந்து சேர்ந்துவிடும். ஆணையில் உள்ள ஒரே ஒரு சொல் இந்த வித்தியாசத்தை உண்டாக்குகிறது. உங்கள் ஊதியத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டு, மனுவிலேயே ஒரு பத்தியாகச் சேருங்கள்.

மனுவை எப்படி அமைப்பது? அதே விதிகளின் 23-ஆம் விதி மேல்முறையீட்டு அதிகாரி எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது: ஆணைக்கு அடிப்படையான செய்திகள் நிரூபிக்கப்பட்டனவா, நிரூபிக்கப்பட்டவை நடவடிக்கை எடுக்கப் போதுமானவையா, தண்டனை அளவுக்கு மீறியதா, சரியானதா, குறைவானதா. மனுவையும் இந்த மூன்று பகுதியாகவே பிரித்து எழுதுங்கள். அதிகாரி பதில் எழுதும்போது எதையும் தாண்டிப்போக முடியாது. தாண்டினால் அது தனியாகத் தெரியும்.

கோப்பு தேங்கியது பற்றிய பகுதியில் உணர்ச்சி வேண்டாம், தேதி வேண்டும். கோப்பு எந்த நாள் உங்கள் இருக்கைக்கு வந்தது, எந்த நாள் எந்தக் குறிப்போடு மேலே போனது, எத்தனை நாள் விடுப்பில் இருந்தீர்கள், கூடுதல் இருக்கை பார்த்திருந்தால் அதற்கான அலுவலக ஆணை எண், தன்பதிவேட்டுப் (உங்கள் இருக்கைக்கு வரும் கடிதங்களைப் பதியும் ஏடு) பக்கம். இந்த ஆவணங்கள் உங்களிடம் இல்லையென்றால் இன்றே அலுவலகத்தில் நகல் கேட்டு எழுதுங்கள். கூடவே ரூ.10 கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்திலும் கேளுங்கள். அதற்குப் பதில் தர 30 நாள் இருக்கிறது என்பதால் தாமதித்தால் மேல்முறையீட்டுக் காலமே தீர்ந்துவிடும். பதில் வரவில்லையென்றாலும் மனுவை நிறுத்தி வைக்காதீர்கள். “ஆவணம் கேட்டு இன்ன தேதியில் மனு செய்துள்ளேன், கிடைத்ததும் கூடுதல் விளக்கம் தருவேன்” என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.

கோரிக்கைப் பகுதியில் முதன்மைக் கோரிக்கை ஆணையை ரத்து செய்ய வேண்டும் என்பதே. அடுத்த வரியில், “இக்காரணங்கள் ஏற்கப்படாத நிலையில், மாற்றாக, தண்டனை அளவுக்கு மீறியது என்பதால் குறைக்க வேண்டும்” என்று கேட்கலாம். குறைக்கச் சொல்வதற்கான இடம் இதுதான். இப்படி எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது. நேரில் விளக்கம் தர வாய்ப்பு வேண்டும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

மனு மேல்முறையீட்டு அதிகாரியின் பெயருக்கு, உரிய வழியாக, அதாவது தண்டனை கொடுத்த அதிகாரி மூலமாகப் போக வேண்டும். ஒரு முன்நகலை மேல்முறையீட்டு அதிகாரிக்கு நேரடியாக அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மரியாதைக் குறைவான சொல் இருந்தால் மனுவையே மேலே அனுப்பாமல் நிறுத்திவைக்க விதியில் இடமிருக்கிறது. “பழிவாங்கும் நோக்கில்” என்று எழுதுவதானால் யார், எப்போது, என்ன செய்தார் என்ற ஆதாரத்தோடு எழுதுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இன்னொன்று: கட்சிக்காரர் அல்லது ஊர்ப் பெரியவர் மூலம் மேலதிகாரியிடம் சொல்லச் செய்யாதீர்கள். வெளியாள் செல்வாக்கைக் கொண்டுவருவது நடத்தை விதிகளின்படி தனிக் குற்றம். அடுத்த மெமோவுக்கு அதுவே காரணமாகும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். விசாரணை நடக்கவில்லை என்ற காரணத்துக்காக ஆணை ரத்தானால், 17(பி)-யில் புதிதாகத் தொடங்கத் துறைக்கு வாய்ப்பு இருக்கிறது. ஆகவே நடைமுறைப் பிழையை மட்டும் நம்பி எழுதாமல், குற்றச்சாட்டே ஏன் நிற்காது என்பதையும் இப்போதே முழுமையாக எழுதி வையுங்கள்.

குழித்துறை வாசகர்: 17(பி) விசாரணை முடிந்து என்னைப் பணிநீக்கம் செய்தார்கள். விசாரணை அறிக்கையைப் பணிநீக்க ஆணையோடு சேர்த்துத்தான் தந்தார்கள். மேல்முறையீடு செய்தேன். “மனு பரிசீலிக்கப்பட்டது. ஏற்பதற்கில்லை” என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது. இதோடு முடிந்துவிட்டதா?

முடியவில்லை. நீங்கள் எழுதியதில் இரண்டு தனித்தனிப் பிழைகள் இருக்கின்றன.

முதலாவது அறிக்கை. விசாரணை அலுவலரின் அறிக்கையைத் தண்டனை முடிவாவதற்கு முன்பே ஊழியருக்குக் கொடுத்து, அதன் மேல் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். 1990-இல் முகமது ரம்ஜான் கான் வழக்கிலும், 1993-இல் கருணாகர் வழக்கில் அரசியல் சாசன அமர்விலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆனால் இரண்டாவது தீர்ப்பில் ஒரு நிபந்தனை உண்டு: அறிக்கை கிடைக்காததால் உங்களுக்கு உண்மையில் பாதிப்பு ஏற்பட்டது என்று காட்ட வேண்டும். “அறிக்கை தரவில்லை” என்ற புகார் மட்டும் போதாது. அறிக்கையை இப்போது எடுத்துப் பக்கம் பக்கமாகப் படியுங்கள். சாட்சி சொல்லாததைச் சொன்னதாக எழுதியிருக்கிறதா? குறுக்கு விசாரணையில் வந்த பதிலை விட்டிருக்கிறார்களா? குற்றச்சாட்டில் இல்லாத ஒன்றை நிரூபணமானதாகச் சேர்த்திருக்கிறார்களா? அறிக்கை முன்பே கிடைத்திருந்தால் எதைச் சுட்டிக்காட்டியிருப்பீர்களோ அதை இப்போது வரிசையாக எழுதுங்கள். பாதிப்பைக் காட்டும் வழி அதுதான். நீதிமன்றம் இதை ஏற்றாலும் பெரும்பாலும் நேரடியாக விடுதலை வராது. அறிக்கை தரும் கட்டத்திலிருந்து மீண்டும் தொடங்கச் சொல்லும். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது ஒருவரி ஆணை. ரயில்வே ஊழியர் ராம் சந்தர் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: மேல்முறையீட்டு அதிகாரி ஊழியரைக் கேட்டு, விதி சொல்லும் ஒவ்வொன்றையும் பரிசீலித்து, காரணங்களோடு ஆணை போட வேண்டும்; விதியின் சொற்களைத் திருப்பி எழுதுவது பரிசீலனை ஆகாது. அதே ஆண்டில் ரத்னா என்ற பட்டயக் கணக்காளர் வழக்கில், முதல் கட்டத்தில் மறுத்த வாய்ப்பை மேல்முறையீட்டில் கொடுத்து ஈடுகட்டிவிட முடியாது என்றும் தீர்ப்பு வந்தது. உங்களுக்கு இரண்டு கட்டத்திலும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இனி இரண்டு வழி இருக்கிறது. தமிழ்நாடு குடிமைப் பணி (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளின் 36-ஆம் விதியின் கீழ் சீராய்வு கேட்கலாம். அல்லது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிப்பேராணை (ரிட்) மனு போடலாம். மத்திய அரசு ஊழியர் என்றால் முதலில் போக வேண்டிய இடம் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். நீதிப்பேராணைக்கு இத்தனை நாள் என்ற கெடு சட்டத்தில் இல்லை. அதை நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருந்துவிட்டு, தாமதம் என்ற ஒரே காரணத்தால் மனு தள்ளுபடியாவது உண்டு. சில மாதங்களுக்குள் போங்கள்.

நீதிமன்றத்தில் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சாட்சிகளை மறுபடி எடை போட்டு “இவர் குற்றவாளி இல்லை” என்று அங்கே தீர்ப்பு வராது. விசாரணை முறையாக நடந்ததா, கொஞ்சமாவது சான்று இருக்கிறதா, தண்டனை மனச்சாட்சியை உறுத்தும் அளவுக்கு அதிகமா என்பதைத்தான் பார்ப்பார்கள். சான்றை எடை போடும் கடைசி இடம் மேல்முறையீட்டு அதிகாரிதான். அந்த மனுவை அவசரத்தில் ஒரு பக்கத்தில் முடிக்காதீர்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மார்த்தாண்டம் வாசகி: ஜவுளிக் கடையில் மூன்று ஆண்டாக சேல்ஸில் இருந்தேன். ஸ்டாக் குறைகிறது என்று சொல்லி, “நாளையிலிருந்து வரண்டாம்” என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எழுத்தில் எதுவும் தரவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டால்தான் பாக்கிச் சம்பளமாம். கடை ஊழியருக்கும் அப்பீல் உண்டா?

உண்டு. வெள்ளைத்தாளில் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். நாளைக்கு அது ராஜினாமாவாகவோ, “திருடியதை ஒப்புக்கொள்கிறேன்” என்ற வாக்குமூலமாகவோ மாறும். செய்த வேலைக்கான கூலி உங்களுடையது, அதற்கு நிபந்தனை போட யாருக்கும் உரிமையில்லை.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன் 41-ஆம் பிரிவு உங்களுக்கானது. தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம் இல்லாமலும் நிறுத்தக் கூடாது. தவறான நடத்தை என்று சொன்னால் நோட்டீஸ் தேவையில்லை; ஆனால் அதற்கென ஒரு விசாரணை நடத்தி, சான்றைப் பதிவு செய்திருக்க வேண்டும். மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டுச் சத்தம் போட்டது விசாரணை ஆகாது. நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சேல்ஸில் இருக்கும் உங்களுக்குப் பொருந்தும்.

மேல்முறையீட்டுக்கு விதி தரும் காலம் ஆணை கிடைத்ததிலிருந்து 30 நாள். எழுத்தில் ஆணையே இல்லாததால் நாள் ஓடவில்லை என்று யாராவது சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள். வரவேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். தொழிலாளர் துணை ஆணையர் நிலையில் உள்ள அதிகாரி இதை விசாரிப்பார். மனுவை எங்கே கொடுப்பது என்பதை நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

அதற்கு முன் இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். கடை முதலாளிக்கு ஒப்புகையோடு ஒரு கடிதம் அனுப்புங்கள்: இன்ன தேதி முதல் வேலை பார்க்கிறேன், இன்ன தேதியில் இன்னார் வாய்மொழியாக வரவேண்டாம் என்றார், என்மேல் சொன்ன குற்றச்சாட்டை மறுக்கிறேன், வேலைக்கு வர இப்போதும் தயாராக இருக்கிறேன், பணிநீக்கம் என்றால் எழுத்தில் தாருங்கள். “தயாராக இருக்கிறேன்” என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட வழக்குகளில் கடைத்தரப்பு வழக்கமாகச் சொல்வது, “நாங்கள் நிறுத்தவில்லை, அவரே வராமல் நின்றுவிட்டார்” என்பதுதான். இந்தக் கடிதம் அதற்குப் பதில் சொல்லிவிடும். கடிதத்தை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினால் அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

மூன்று ஆண்டு வேலை பார்த்ததற்கு ஆதாரம் சேர்ப்பது அடுத்த வேலை. பிஎஃப் பாஸ்புக், இஎஸ்ஐ அட்டை, சம்பளம் வந்த வங்கிக் கணக்கு, அடையாள அட்டை, டியூட்டி நேரம் போடும் வாட்ஸ்அப் குழுச் செய்திகள். குழுவிலிருந்து உங்களை நீக்குவதற்கு முன் அந்தச் செய்திகளைப் படமெடுத்து வைத்துவிடுங்கள். கையில் ரொக்கமாகச் சம்பளம் தந்திருந்தால் உடன் வேலை பார்த்த ஒருவரின் சாட்சியம் வேண்டும். அவர் இன்னும் அங்கேயே வேலை பார்ப்பவர் என்றால் தயங்குவார். ஏற்கெனவே விலகியவரைத் தேடுங்கள்.

அங்கே நடப்பது சுருக்க விசாரணை. அதிகாரி இரு தரப்புச் சான்றையும் சுருக்கமாகப் பதிவு செய்து, காரணங்களோடு ஆணை போடுவார். அந்த முடிவு இரண்டு தரப்பையும் கட்டுப்படுத்தும். ஸ்டாக் குறைவு என்றால் எந்தப் பிரிவில், எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் இடையில், அந்தப் பிரிவை எத்தனை பேர் பார்த்தார்கள், கணக்கெடுத்தபோது நீங்கள் உடன் இருந்தீர்களா என்று கேளுங்கள். பத்துப் பேர் கை படும் இடத்தில் ஒருவர் மேல் மட்டும் பழி போட, கடைத்தரப்பு இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்.

குளச்சல் வாசகர்: பொதுத்துறை நிறுவனத்தில் வேலை. எனக்குத் தண்டனை கொடுத்த அதிகாரி பதவி உயர்ந்து, இப்போது மேல்முறையீட்டு அதிகாரியாக உட்கார்ந்திருக்கிறார். அவரிடமே போக வேண்டுமா?

அவர் அந்த மேல்முறையீட்டைக் கேட்கக் கூடாது. அமர்நாத் சவுத்ரி வழக்கில் பணிநீக்கம் செய்த தலைவரே மேல்முறையீட்டைக் கேட்ட இயக்குநர் குழுவுக்கும் தலைமை தாங்கினார். உச்ச நீதிமன்றம் 2002-இல் அந்த முடிவை ரத்து செய்தது. ஆனால் இந்த ஆட்சேபத்தை மனுவிலேயே எழுதிவிட வேண்டும். முடிவு எதிராக வந்த பிறகு முதன்முதலாகக் கிளப்பினால், “தெரிந்தும் ஏன் பேசாமல் இருந்தீர்கள்” என்று கேட்பார்கள். மனுவைக் கெடுவுக்குள் கொடுங்கள். அதிலேயே வேறு அதிகாரியை அல்லது அடுத்த மேல்நிலை அதிகாரியை நியமிக்கக் கேளுங்கள். கெடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், உங்கள் நிறுவனத்தின் விதிப் புத்தகத்தைப் பாருங்கள். பொதுத்துறை வங்கி எழுத்தர்களுக்கு 2002 ஏப்ரல் 10 ஒப்பந்தப்படி 45 நாள்.

இரணியல் வாசகி: என் கணவர் ஒரு தனியார் நிறுவனத்தில் சஸ்பெண்ட் ஆகி ஐந்து மாதம் ஆகிறது. ஒரு பைசா தரவில்லை. விசாரணையைச் சென்னையில் வைத்தார்கள். போகப் பணம் இல்லாததால் போகவில்லை. அவர் இல்லாமலேயே முடித்து டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்தால் இன்னும் கெடுதல் வருமோ என்று பயப்படுகிறார். என்ன செய்வது?

டிஸ்மிஸுக்கு மேல் கொடுக்க வேறு தண்டனை இல்லை, ஆகவே அந்தப் பயம் வேண்டாம். குறைந்த தண்டனை பெற்றவர்களுக்கு அதைக் கூட்ட அதிகாரம் பல விதிகளில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, ஏன் கூட்டப்போகிறோம் என்று சொல்லி, பதில் கேட்காமல் கூட்ட முடியாது.

உங்கள் கணவரின் மேல்முறையீட்டில் முதலில் வர வேண்டியது பிழைப்பூதியம். தமிழ்நாடு பிழைப்பூதியச் சட்டம் 1981-இன்படி சஸ்பெண்ட் ஆன முதல் 90 நாளுக்கு 50 சதவீதம், 90-இலிருந்து 180 நாள் வரை 75 சதவீதம், அதன் பிறகு 100 சதவீதம் தர வேண்டும். இழுத்தடிப்பு ஊழியரால் வந்ததாக இருக்கக் கூடாது. ஐந்து மாதம் என்றால் ஏறத்தாழ 150 நாள். மாதச் சம்பளம் ரூ.18,000 என்று வைத்தால், முதல் மூன்று மாதத்துக்கு ரூ.9,000 வீதம் ரூ.27,000, அடுத்த இரண்டு மாதத்துக்கு ரூ.13,500 வீதம் ரூ.27,000, மொத்தம் ரூ.54,000. அவருடைய சம்பளத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டு மனுவில் எழுதுங்கள்.

பணம் தராமல் தூரத்தில் விசாரணை வைத்து, வரவில்லை என்று ஒருதலையாக முடிப்பது செல்லாது. தங்கவயல் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த பால் அந்தோணியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-இல் சொன்னது இதையே. பிழைப்பூதியம் தராமல், பயணம் செய்யப் பணமில்லாதவர் இல்லாமலேயே நடத்திய விசாரணை ரத்தானது. ஆனால் போக முடியாத காரணத்தை அவர் அப்போதே எழுதினாரா என்பது முக்கியம். கடிதமோ, மின்னஞ்சலோ, வாட்ஸ்அப் செய்தியோ ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், வங்கிக் கணக்கில் அந்த ஐந்து மாதமும் சம்பளம் வராததைக் காட்டும் பக்கத்தை இணையுங்கள். நகைக்கடன் ரசீது, கைமாற்றுக் கடன் வாங்கிய ஆதாரம் எது இருந்தாலும் சேருங்கள்.

மனு எழுத வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர் சட்டங்களின் கீழ் வரும் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் வழக்கறிஞரை இலவசமாகத் தருவார்கள். மற்றவர்களுக்கு வருமானச் சான்று வேண்டும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். உங்கள் கணவரை டிஸ்மிஸ் ஆணை, சஸ்பெண்ட் ஆணை, சார்ஜ் மெமோ, விசாரணைக்கு அழைத்த கடிதங்கள், அவை வந்த உறைகள் எல்லாவற்றையும் தேதி வரிசையாக அடுக்கி எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஆணை கிடைத்த தேதியைத் தனித் தாளில் எழுதி மேலே வைக்கட்டும். அங்கே முதலில் கேட்கப்போவது அதைத்தான்.